சாவிக்கொத்தும் துடைப்பமும்: ஒரு சபையின் நிகழ்வு ஆய்வு

இது ஒரு கிறிஸ்தவ சபையில் நடந்தது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. அங்கே எழுந்த ஒரு மனத்தாங்கலை விசாரித்து ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட மூவரில் ஒருவன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். வரைவை எழுதி முடித்ததும் சம்பந்தப்பட்டவர்களிடம் கொடுத்துச் சம்மதம் வாங்கினேன். அவர்களில் ஒருவர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். அது என்ன என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

ஏறத்தாழ 120 குடும்பங்கள் உள்ள சபை. ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு. அதன் செயலாளர் 19 ஆண்டுகளாக அதே பொறுப்பில் இருப்பவர், கணக்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் என்று தனியாக ஒருவர் உண்டு. ஆனால் அவர் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுவார். "ஐயா பார்த்துக்குவார்" என்பதுதான் அங்கே எல்லாவற்றுக்கும் பதில்.

ஞாயிறு காலை முதலில் வருபவர் செயலாளர்தான். கூட்டிப் பெருக்குவார், நாற்காலி போடுவார், ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பார். எல்லாரும் போனபின் விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புவார். மேடை ஏறமாட்டார். கடைசி வரிசையில்தான் உட்காருவார். யாராவது நன்றி சொன்னால், பைபிளில் லூக்கா 17-இல் வரும் "அப்பிரயோஜனமான ஊழியக்காரன்" என்ற சொல்லைத் தனக்குச் சூட்டிக்கொண்டு சிரிப்பார். அது நடிப்பு என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொல்லவில்லை.

கட்டடத்தின் எல்லாச் சாவிகளும் அவரிடம். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு அவரிடம். சபையின் நான்கு வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அவர் ஒருவரே அட்மின். விதவைகளுக்கும் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கும் மாதாமாதம் போகும் உதவி நிதியின் பட்டியல் அவருடைய நோட்டில், அவருக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்துகளில் இருந்தது. இந்த 19 ஆண்டுகளில் மூன்று போதகர்கள் வந்து போனார்கள். இப்போது இருப்பவர் நான்காமவர், வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

பிரச்சினை எழுந்த விதம்

குழுவின் ஏழாவது உறுப்பினர் 26 வயதுப் பெண். ஞாயிறு பள்ளி ஆசிரியை. குழுவில் சேர்ந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. சில மாதங்களுக்கு முன் தங்களுக்கு இரண்டு மாதம் உதவி வரவே இல்லை என்று இரண்டு வீட்டார் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் கேட்டார்: "ஐயா, உதவி நிதி யார் யாருக்குப் போச்சுன்னு ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா?"

செயலாளர் குரலை உயர்த்தவில்லை. "19 வருஷத்துல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லைம்மா. தனியா வந்து கேட்டிருக்கலாமே" என்றார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். போதகர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

அந்த வார வேதபாடத்துக்குப் போதகர் எடுத்தது, பேதுரு சபைகளுக்கு எழுதிய முதல் கடிதத்திலிருந்து 1 பேதுரு 5:5. "இளைஞரே, மூப்பருக்குக் கீழ்ப்படியுங்கள்." பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. அன்று இரவு ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு கலைக்கப்பட்டுப் புதிதாக ஒன்று தொடங்கப்பட்டது. அதில் அந்தப் பெண்ணின் எண் இல்லை. தவறுதலாக விடுபட்டது என்று செயலாளர் பின்னால் சொன்னார். இருக்கலாம். நாங்கள் அதைத் தோண்டவில்லை. அந்தப் பெண் ஞாயிறு பள்ளியிலிருந்து விலகுவதாக நான்கு வரியில் கடிதம் கொடுத்தார். பிள்ளைகளின் பெற்றோர் நாலைந்து பேர் போதகரிடம் போய்க் காரணம் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் போதகர் மூவரை அழைத்தார்: அந்தச் சபையின் மூத்த பெண்மணி ஒருவர், அதே சபையைச் சேர்ந்த, மென்பொருள் அலுவலகம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கும் ஒருவர், வெளியிலிருந்து நான்.

முதல் இரண்டு வாரம்: எங்கள் பிழை

முதலில் செயலாளரைச் சந்தித்தோம். நாங்களும் வசனத்தோடுதான் போனோம். பேச்சு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிராது, நான் யோவானின் மூன்றாம் கடிதமான 3 யோவானில் வரும் தியோத்திரேப்பைப் பற்றிச் சொன்னேன். சபையில் முதன்மையாயிருக்க விரும்பியவன், சகோதரரை ஏற்றுக்கொள்ளாதவன், ஏற்க மனதுள்ளவர்களையும் சபைக்குப் புறம்பாக்கியவன். வாட்ஸ்அப் குழுவை மனதில் வைத்துத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கடைசி வரிசையில உட்கார்றவன் முதன்மையை விரும்புறவனா தம்பி?" என்று கேட்டார். அதற்கு மேல் பேச மறுத்துவிட்டார். இரண்டு வாரம் வீணானது.

இதில் எங்களுக்குப் புரிந்தது ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்கு எதிராக 1 பேதுரு எப்படி வீசப்பட்டதோ, அதே மாதிரி அவருக்கு எதிராக 3 யோவானை நான் வீசியிருந்தேன். அதோடு அவர் கேள்வியும் நியாயமானது. தியோத்திரேப்பின் உருவம் அவருக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத சட்டையை மாட்டப் போனதால், உண்மையில் அங்கே இருந்த பிரச்சினை எங்கள் கண்ணுக்கே தெரியாமல் போனது.

கண்டவை

அப்புறம் மூத்த பெண்மணி சொன்னபடி வசனங்களை ஓரமாக வைத்துவிட்டு ஆவணங்களையும் ஆட்களையும் பார்த்தோம். ஆறு வாரத்தில் ஐந்து சந்திப்புகள்.

கணக்கில் பிழை இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கையாடல் என்ற சந்தேகத்துக்கே இடமில்லாதபடி ஒவ்வொரு ரசீதும் இருந்தது. அந்தப் பெண்ணும் ஒருபோதும் அப்படிக் குற்றம் சாட்டவில்லை.

கூட்டக் குறிப்பேட்டில் மூன்று ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினோம். எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக. ஒரு மாற்றுக் கருத்துகூடப் பதிவாகவில்லை. ஏழு பேர் மூன்று ஆண்டு உட்கார்ந்து பேசி ஒருதரம்கூட முரண்படவில்லை என்றால் அங்கே பேச்சே நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். குழு உறுப்பினர்களைத் தனித்தனியே கேட்டபோது நான்கு பேர் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இவ்வளவு உழைக்கிற மனுஷன்கிட்ட எப்படிங்க எதிர்த்துப் பேசுறது?"

இந்தப் பதிலில்தான் விஷயம் திரும்பியது. அவர் அதிகாரத்தைக் கெடுபிடியால் பிடித்து வைத்திருக்கவில்லை. தொண்டால் பிடித்து வைத்திருந்தார், அதுவும் தனக்கே தெரியாமல். துடைப்பத்தைக் கையில் எடுத்தவரிடம் சாவியைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

உதவி வராமல்போன அந்த இரண்டு மாதத்துக்கும் காரணம் கிடைத்தது. செயலாளர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டோடு இருந்த காலம் அது. பட்டியல் அவருடைய நோட்டில், பணம் எடுக்கும் வழி அவருடைய கையில். யாருக்கு எவ்வளவு என்று வேறு எவருக்கும் தெரியாது. அவருக்கு இருந்த வலியில் யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை. அந்த இரண்டு மாதத்தில் சபையிலிருந்து யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. சபையின் அலட்சியம் என்று குறித்துக்கொண்டோம்.

அந்தப் பெண்ணை மூன்றாவதாகத்தான் சந்தித்தோம். "எல்லாரையும் கேட்டு முடிவு பண்ணிட்டு வந்திருக்கீங்களோ?" என்றுதான் தொடங்கினார். அவருக்கு வருத்தம் செயலாளர் மேல் அவ்வளவாக இல்லை, போதகர் மேல்தான். "ஐயா பதில் சொன்னது கூட்டத்துல ஏழு பேருக்கு முன்னால. பாஸ்டர் பதில் சொன்னது சபைக்கு முன்னால, அதுவும் வேதத்தைக் கையில வச்சுக்கிட்டு. வேதத்துக்கு எதிரா நான் எப்படிப் பேசுவேன்?"

வசனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது

ஆவணங்களைப் பார்த்து முடித்த பிறகே வேதத்துக்குத் திரும்பினோம். இந்தமுறை செயலாளர், போதகர், அந்தப் பெண், நாங்கள் மூவர் என ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஒரே விதி வைத்துக்கொண்டோம்: எந்த வசனத்தை எடுத்தாலும் அது முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிறகு இந்த அறையில் அந்த இடத்தில் இருப்பவர் யாரோ அவர் முதலில் பேச வேண்டும்.

1 பேதுரு 5-இலேயே தொடங்கினோம். வேதபாடத்தில் வாசிக்கப்பட்டது ஐந்தாம் வசனத்தின் முற்பகுதி மட்டும். அதிகாரம் மூப்பர்களைப் பார்த்துத்தான் தொடங்குகிறது. மந்தையை இறுமாப்பாய் ஆளாதிருங்கள், மாதிரிகளாயிருங்கள் என்று முதல் நான்கு வசனங்களும் அவர்களுக்கே. அதற்குப் பிறகுதான் இளைஞர் வருகிறார்கள். அந்த வசனமும் இளைஞரோடு நிற்கவில்லை, எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்து மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள் என்று போகிறது. போதகர் வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "பாதி வசனத்தைப் பிரசங்கிச்சிருக்கேன்" என்றார்.

மாற்கு 10 அடுத்தது. இயேசுவின் சீடர்களான யாக்கோபும் யோவானும் அவருடைய மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்கிறார்கள், மற்றப் பத்துப் பேரும் எரிச்சலாகிறார்கள். அந்த எரிச்சல் தாழ்மையினால் வந்ததாகத் தெரியவில்லை. அந்த இடத்தைத் தாங்களும் எதிர்பார்த்திருக்க வேண்டும். புறஜாதி அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுவதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்று இயேசு சொல்வது இந்தப் பன்னிரண்டு சீடருக்கு. மாற்கு 9-இல் கப்பர்நகூம் போகும் வழியில் யார் பெரியவன் என்று தர்க்கம் பண்ணியவர்களும் இவர்கள்தான். லூக்கா 22-இன்படி கடைசி இராப்போஜனத்தின்போதும் அதே வாக்குவாதம் இவர்களுக்குள்ளேயே. நாளைக்குத் திருச்சபையில் அதிகாரம் பெறப் போகிறவர்களுக்குச் சொன்ன பேச்சு இது. மேலே இருப்பவரிடம் சொன்னதை எடுத்துக் கீழே இருப்பவரிடம் நீட்டினால் அதன் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

பிலிப்பியர் 2-ஐ எடுத்தவர் மென்பொருள் அலுவலகக்காரர். பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம். கி.மு. 42-இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ரோமப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்ட ஊர். குடியுரிமையும் பட்டமும் பெருமையாகக் கருதப்பட்ட அந்த இடத்துக்குத்தான், அடிமையின் ரூபமெடுத்தவரைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். அந்த வாக்கியம் கீழான வேலை செய்வதைப் பற்றித் தொடங்கவில்லை என்று அலுவலகக்காரர் காட்டினார். தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல் தம்மை வெறுமையாக்கினார் என்று தொடங்குகிறது. முதலில் இறுகப் பிடித்திருப்பதை விடுவது, அடிமைக் கோலம் அதற்குப் பிறகு. பிறகு அவர் தன்னைப் பற்றியே சொன்னார்: "ஆபீஸ்ல என் டீம் செய்ய வேண்டியதையெல்லாம் ராத்திரி பத்து மணிவரைக்கும் உட்கார்ந்து நானே சரிபண்ணிக் கொடுப்பேன். அதைத்தான் ஊழியக்காரத் தலைமைன்னு நெனச்சிட்டிருந்தேன். அவங்க யாரும் எதையும் கத்துக்கல. என்னைக் கேட்காம ஒரு முடிவும் எடுக்க மாட்டாங்க."

செயலாளர் அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்தவர், இதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் தியோத்திரேப்பைக் கொண்டு செய்ய முடியாததை அந்த மனிதர் தன் அலுவலகக் கதையால் செய்துவிட்டார்.

கடைசியாக யோவான் 13. இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவும் பகுதி செயலாளருக்கு மனப்பாடம். வாசித்ததும் அவரே. வாசித்து முடித்தபின் மூத்த பெண்மணி கேட்டார்: "அண்ணே, இந்த அதிகாரத்துல நீங்க யாரு?" அவர் பதில் சொல்லவில்லை. பெண்மணியே தொடர்ந்தார்: "நான் இத்தனை வருஷமும் நீங்க இயேசு மாதிரி துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்கன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிச்சா நீங்க பேதுரு. 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது'ன்னு சொல்ற ஆள். எங்களை ஒரு நாற்காலி எடுத்துப்போட விட்டிருக்கீங்களா?"

இது எனக்குப் புதிதாக இருந்தது. தொண்டு செய்வதைத் தாழ்மை என்கிறோம். தொண்டை வாங்கிக்கொள்வது அதைவிடக் கடினமாக இருக்கலாம். கொடுப்பவர் கை எப்போதும் மேலேதான் இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கணக்கை முதலில் எடுத்தோம். செயலாளர் கடைசிவரை தயங்கியது இதில்தான்: "என்மேல நம்பிக்கை இல்லைன்னுதானே அர்த்தம்?" எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் கையாண்ட விதத்தை 2 கொரிந்தியர் 8-இலிருந்து காட்டினோம். அப்போஸ்தலனாக இருந்தும் அவர் அதைத் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரைக் கூட வைத்துக்கொள்கிறார். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்னும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். கணக்கு பார்த்துப் பழகிய மனிதருக்கு இது உடனே பிடிபட்டது. "இது தணிக்கை. சந்தேகம் இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இனி எந்தப் பணமும் இரண்டு பேர் பார்க்காமல் போகாது, முன்கையெழுத்து கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு சபைக்கு வாசிக்கப்படும் என்று முடிவானது.

கேள்வியைத் தனியே வந்து கேட்டிருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு மத்தேயு 18:15-ஐ ஒரு குழு உறுப்பினர் கொண்டுவந்தார். அது உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்த சகோதரனைப் பற்றியது. பொதுப் பணத்தைப் பற்றிப் பொதுக் குழுவில் கேட்பது குற்றச்சாட்டு அல்ல. இஸ்ரவேலை வழிநடத்திய சாமுவேல் முதிர்ந்த வயதில் எல்லா ஜனத்துக்கும் முன்னால் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், என்னைக் குறித்துச் சாட்சி சொல்லுங்கள் என்று தானே கேட்கிறார் (1 சாமுவேல் 12). யாரும் தன்னைத் தனியே வந்து சந்திக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

உதவி நிதியை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் எங்கள் மூவருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அப்போஸ்தலர் 6-இல் கிரேக்கம் பேசிய யூத விதவைகள் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழும்போது தெரிந்தெடுக்கப்படும் ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போனதாக அதைப் படிக்கலாம். அதன்படி அந்தப் பெண்ணையும், உதவி பெறும் வீட்டைச் சேர்ந்த ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்றேன். அலுவலகக்காரருக்கு உடன்பாடில்லை. செயலாளரைத் தோற்கடித்து அந்தப் பெண்ணுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. முடிவில் அந்த இருவரும் இருக்கும் மூவர் குழு என்று வைத்தோம். முதல் மூன்று மாதம் செயலாளர் கூடவே இருந்து சொல்லித்தருவார், பிறகு விலகுவார். "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று யாத்திராகமம் 18-இல் மாமனார் எத்திரோ மோசேயிடம் சொல்வதைப் போதகர் நினைவூட்டினார். மோசே தனியே உட்கார்ந்து நியாயம் தீர்ப்பதால் அவர் மட்டுமல்ல, காத்து நிற்கும் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதுதான் எத்திரோவின் கவலை. உதவி வராத அந்த இரண்டு மாதம் எல்லார் மனதிலும் வந்து போனது.

பொறுப்புக் காலம் மூன்று ஆண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை என்பது பெரிய விவாதமின்றி முடிந்தது. சாவிகள் மூவரிடம், வாட்ஸ்அப் அட்மின்கள் இருவர்.

கூட்டங்களில் இனி வயதில் இளையவர் முதலில் பேசுவார் என்று ஒரு விதி போட்டோம். 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், முக்கியமான காரியம் என்றால் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், சிறந்ததை இளையவருக்கே ஆண்டவர் அடிக்கடி வெளிப்படுத்துகிறார் என்று இருக்கிறது. அதிலிருந்து ஓர் எட்டு முன்னால் போனோம். ஐயா பேசிவிட்டால் அப்புறம் யாரும் பேசமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் காரணம்.

மன்னிப்புக் கேட்பது பற்றி: சபைக்கு முன்னால் நடந்த தவறு சபைக்கு முன்னால்தான் திருத்தப்பட வேண்டும் என்றோம். அது போதகருக்கு. செயலாளரிடம் பொது மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கட்டாயத்தின்பேரில் வருவது தாழ்மையாக இருக்காது, தாழ்வாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

பின்னர் நடந்தது

போதகர் அடுத்த ஞாயிறே 1 பேதுரு 5-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தார். "அன்று நான் ஒரு சகோதரியை மனதில் வைத்து, எனக்குச் சொல்லப்பட்டதை விட்டுவிட்டு அவருக்குச் சொல்லப்பட்டதை மட்டும் வாசித்தேன். அது தவறு" என்றார். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் அது அவரைப் பற்றிய பிரசங்கமாகியிருக்கும்.

அதற்குப் பின் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. முதல் மூன்று மாதம் முன்பைவிட மோசம். ஒரு மாதம் உதவிப் பணம் ஒரு வாரம் தாமதமாகப் போனது. ஒரு வீட்டுக்கு இருமுறை போய்விட்டது. ஒரு ஞாயிறு, சாவி வைத்திருந்த இளைஞர் தூங்கிவிட்டார். அன்று வழக்கம்போல முதலில் வந்த செயலாளர் பூட்டிய கதவுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றார். கையில் சாவி இல்லாமல் அவர் அங்கே நின்றதைப் பார்த்தவர்கள் பலர். "இவரையா நிறுத்திட்டீங்க" என்று பேச்சு எழுந்தது. இரண்டு குடும்பங்கள் அந்த மாதத்தோடு வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்கள் இன்னும் திரும்பவில்லை.

பட்டியலைச் சரிபார்த்தபோது, குடிமாறிப் போன மூன்று வீடுகள் அதில் இருப்பதும், தேவை இருந்தும் யாருக்கும் தெரியாமல் இருந்த ஐந்து வீடுகள் விடுபட்டிருப்பதும் தெரிந்தது. அந்த ஐந்தில் நான்கைக் கண்டுபிடித்தவர், உதவி பெறும் வீட்டிலிருந்து குழுவில் சேர்ந்த அம்மாள். அவர்கள் வீட்டுக்குள் நடப்பது செயலாளருக்குத் தெரிய வழியில்லை. ஐயாவிடம் போய்க் கேட்க அவர்களுக்குக் கூச்சம்.

குறிப்பேட்டில் முதல் மாற்றுக் கருத்து ஐந்தாவது மாதத்தில் பதிவானது. ஒலிபெருக்கி வாங்குவது பற்றி. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார் போதகர்.

அந்தப் பெண் உதவி நிதிக் குழுவில் இருக்கிறார். ஞாயிறு பள்ளிக்குத் திரும்பவில்லை. போதகர் இரண்டு முறை கேட்டும் "இப்ப வேண்டாம் பாஸ்டர்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அவருக்கும் செயலாளருக்கும் இடையே மன்னிப்பு என்ற சொல் வரவே இல்லை. நோட்டை ஒப்படைத்த அன்று, ஒவ்வொரு சுருக்கெழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று இரண்டு மணி நேரம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் செயலாளர். கடைசிப் பக்கத்தில் தன் கைப்பட எல்லாவற்றையும் விரித்தும் எழுதிக் கொடுத்தார். நாங்கள் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

மறுபடி செய்தால்

அந்தப் பெண்ணைத்தான் முதலில் சந்திப்பேன். வலுவுள்ளவரின் கதையை முதலில் கேட்டால் மற்றக் கதைகள் எல்லாம் அதற்குப் பதில் மாதிரியே காதில் விழுகின்றன.

முதல் சந்திப்பில் வேதத்தைத் திறக்கமாட்டேன். நடந்தது என்ன என்று தெரிவதற்கு முன் திறந்தால், கையில் இருப்பது எந்தப் பக்கத்து ஆயுதம் என்று மற்றவர் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

சாவிகளை ஒரே நாளில் மாற்றியது தவறு. கணக்குக்கு மூன்று மாதம் கொடுத்த நாங்கள் கதவுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. அது எளிய விஷயம் என்று நினைத்தோம். அவருக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

போதகரின் அதிகாரத்துக்கு எந்த வரம்பும் எழுதவில்லை. எங்களை அழைத்தவர் அவர், அதனால் எங்களுக்கு வாய் வரவில்லை. செயலாளரைப் பற்றிக் குழு உறுப்பினர்கள் சொன்ன அதே காரணம். அந்தப் பெண் இதை எழுத்தில் கேட்டிருக்கிறார், குழு இன்னும் எடுக்கவில்லை.

வரைவும் திருத்தமும்

ஏறக்குறைய பத்து மாதம் கழித்து இந்த வரைவை எடுத்துக்கொண்டு செயலாளரைப் பார்க்கப் போனேன். ஆராதனை முடிந்த நேரம். இளைஞர்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு பையன் "நீங்க உட்காருங்க ஐயா" என்றான். உட்கார்ந்தார். ஆனால் கண் நாற்காலிகள் மேலேயே இருந்தது.

வரைவை மெதுவாகப் படித்தார். தன்னைப் பற்றிய கடுமையான வரிகளில் நிற்காமல் போனார். அறுவைச் சிகிச்சை பற்றிய பத்திக்கு வந்ததும் பேனா கேட்டார். யாரும் தன் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை என்று சொல்லப்பட்டதாக நான் எழுதியிருந்த இடத்தில், ஓரத்தில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"வந்தார்கள். நான்தான் கதவைத் திறக்கவில்லை."